கடைசி வாய்க்கால்

நமது வானொலியில் மாலைச் செய்தி வாசிப்பவர்கள் அனைவரும் தொண்டர்கள் என்பது நேயர்களுக்குத் தெரியும். வேலை முடிந்து ஓடிவந்து, ஆங்கிலச் செய்திகளைக் கையில் எடுத்து, அரை மணித்தியாலத்துக்குள் தமிழாக்கிக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். அகராதி புரட்ட நேரம் இருக்காது. ஒருநாள், நாடுகடத்தப்பட இருந்த ஓர் அகதி இளைஞரைப் பற்றிய செய்தி வந்தது. அவருடைய சட்டத்தரணிகள் 'லாஸ்ட் டிச் அப்பீல்' ஒன்றைத் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் செய்தி வாசிப்பாளர், அந்தப் பிள்ளை, அதைக் 'கடைசிக் குழி மேன்முறையீடு' என்று எழுதி வைத்திருந்தார். கலையகத்தில் எல்லோரும் சிரித்தோம். நான்தான் பெரிய மனிதர் தோரணையில் பேனாவை வாங்கி அதை வெட்டிவிட்டு, 'இறுதிக்கட்ட மேன்முறையீடு' என்று திருத்திக் கொடுத்தேன்.

மறுநாள் ஓர் அம்மா தொலைபேசி எடுத்தார். "தம்பி, நேற்றுச் செய்தியிலை இறுதிக்கட்டம் எண்டு சொன்னியள். அப்ப அந்தப் பெடியன்ரை அலுவல் முடியப்போகுதோ? விடப்போறாங்களோ?" என்று கேட்டார். அந்த இளைஞர் அவருக்கு உறவுமில்லை, ஊருமில்லை. ஆனால் அவருடைய பேரனின் வழக்கும் அதே வரிசையில் பின்னால் நிற்கிறது.

அப்போதுதான் செய்த பிழை உறைத்தது. தமிழில் 'இறுதிக்கட்டம்' என்றால், காரியம் முக்கால்வாசி கைகூடிவிட்டது, மிச்சம் கொஞ்சம்தான் என்று பொருள். வீடு கட்டும் வேலை இறுதிக்கட்டத்தில் இருக்கிறது என்போம். கல்யாணப் பேச்சு இறுதிக்கட்டத்துக்கு வந்துவிட்டது என்போம். ஆங்கிலச் சொற்றொடரோ கிட்டத்தட்ட இதற்கு எதிரானது. எல்லா வழியும் அடைபட்டுப்போனது, அநேகமாக இதுவும் சரிவராது, ஆனாலும் செய்து பார்க்கிறோம் என்பதே அதன் கருத்து. நான் சிரித்து வெட்டிய அந்தக் 'குழி'தான் உண்மைக்குக் கிட்ட இருந்திருக்கிறது.

அந்த அம்மாவுக்கு நிலைமையை விளங்கப்படுத்திவிட்டு, ஆங்கிலேயர் சொல்லும் அந்தக் கடைசிக் குழி எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். அது இங்கிலாந்தில் இல்லை. ஒல்லாந்தில் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'டிச்' என்றால் வெட்டிய நீளப் பள்ளம். வயலோரத்து வாய்க்காலும் அதுதான், கோட்டையைச் சுற்றிய அகழியும் அதுதான். 'டைக்' என்ற அணைக்கட்டுச் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. மண்ணை வெட்டி எடுத்தால் ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் மேடு. பள்ளத்துக்கு ஒரு பெயர், மேட்டுக்கு ஒரு பெயர். ஒல்லாந்தின் தாழ்நிலத்தில் காணிக்குக் காணி எல்லை வேலி அல்ல, தண்ணீர் ஓடும் வாய்க்கால். ஆகவே அந்த மண்ணில் நின்றுகொண்டு ஒருவன் 'கடைசி வாய்க்கால்' என்று சொன்னால், அது கவிதைக்காகச் சொன்னதல்ல. ஊரின் கடைசி எல்லையைக் கைநீட்டிக் காட்டுவது போன்றது.

காலம் 1672. ஏழு மாகாணங்கள் கூடிய ஒல்லாந்தக் குடியரசு அன்று உலகின் பெரிய வர்த்தக நாடுகளில் ஒன்று. யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658-இல் பிடித்தவர்கள் இவர்கள்தான். கடலில் அவர்களிடம் பெரும் பலம் இருந்தது. தரைப்படையைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அந்தச் செல்வத்தின்மேல் கண் வைத்தார். இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் மன்னரோடு 1670-இல் டோவரில் இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டார். கிழக்கே மூன்ஸ்டர் ஆயரும் கொலோன் பேராயரும் சேர்ந்துகொண்டார்கள். 1672 வசந்தத்தில் நான்கு பக்கத்திலிருந்தும் யுத்தம் வந்தது.

ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் படை யூன் 12-ஆம் திகதி றைன் நதியைக் கடந்தது. யூன் 23-ஆம் திகதி உட்ரெக்ட் நகரம் அவர்கள் கையில். இடையில் பதினொரு நாட்கள்தான். ஏழு மாகாணங்களில் மூன்று போய்விட்டன. நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவியை நீட்டின. பணம் உள்ளவர்கள் பெட்டி கட்டினார்கள். ஒல்லாந்தர் அந்த வருடத்தை இன்றும் 'அழிவு ஆண்டு' என்றே அழைக்கிறார்கள். அந்த வருடத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு: மக்களுக்கு மதியில்லை, அரசுக்கு வழியில்லை, நாட்டுக்கு மீட்சியில்லை.

இதே யுத்தத்தின் ஒரு நுனி நமது பக்கமும் வந்தது. 1672-இல் டு லா ஏ என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பல் கூட்டத்தோடு திருகோணமலைக்கு வந்து, கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் ஆதரவோடு கொட்டியார் குடாவில் இறங்கப் பார்த்தார். ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸ் அவரைத் துரத்தினார். அவர் போய் மயிலாப்பூரின் சாந்தோமைப் பிடித்து, 1674 வரை முற்றுகைக்குள் கிடந்து கடைசியில் விட்டுக்கொடுத்தார். இன்னொரு விசித்திரம். பல்டேயஸ் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர் அல்லவா, தெல்லிப்பழை, மல்லாகம் என்று நமது ஊர்க் கோயில்களின் படங்களோடு அவர் எழுதிய பெரிய புத்தகம் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வந்ததும் அதே 1672-இல்தான். நாடே முழுகிக்கொண்டிருந்த வருடத்தில் ஒருவர் நமது ஊரைப் பற்றி அச்சுக் கோத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சரி, ஒல்லாந்துக்கே திரும்புவோம். அந்த நேரம் நாட்டுக்குத் தலைமை தாங்கியவர் யொகான் டி விட். 1653 முதல் அரசை நடத்தி வந்தவர். கணித மேதை. இவரைப் பற்றி ஒரு கணக்காளன் நின்று நிதானித்துத்தான் பேச வேண்டும். அந்தக் காலத்தில் அரசு பணம் திரட்டுவதற்காக, ஆயுள் உள்ளவரை வருடாவருடம் இவ்வளவு தருகிறோம் என்று பத்திரம் விற்கும். வாங்குகிறவர் கிழவரா குழந்தையா என்று பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே விலை. டி விட் 1671-இல் ஓர் அறிக்கை எழுதினார். இன்ன வயதில் ஒருவர் இறப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று நிகழ்தகவு போட்டு, அந்தப் பத்திரத்துக்கு உண்மையில் என்ன விலை வைக்க வேண்டும் என்று கணக்குக் காட்டினார். இன்று நாம் எல்லோரும் மாதக்காசு கட்டும் ஆயுள் காப்புறுதியும் ஓய்வூதியமும் நடக்கிற கணிதத்தின் ஆரம்ப ஏடுகளில் அதுவும் ஒன்று. மனிதர் எப்போது சாவார்கள் என்று கணக்குப் பார்த்தவருக்கு அடுத்த வருடமே தன் கணக்கு முடியும் என்று தெரிந்திருக்காது.

தோல்விக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அது டி விட்டின் முகமாயிற்று. யூன் மாதம் வீதியில் வைத்துக் கத்தியால் குத்தினார்கள், தப்பினார். ஆகஸ்ட் 4-ஆம் திகதி பதவி விலகினார். அவரது தமையன் கொர்னேலிஸ் மீது சதிக் குற்றம் சுமத்திச் சிறையில் வதைத்தார்கள். ஆகஸ்ட் 20-ஆம் திகதி, தமையனைப் பார்க்க ஹேக் நகரச் சிறைக்குப் போன தம்பியையும் சேர்த்து வெளியே இழுத்து, கும்பல் இருவரையும் கொன்றது. உடல்களைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதற்கு மேல் செய்ததை நான் வானொலியிலும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. பிள்ளைகளும் வாசிக்கும் ஏடு இது.

டி விட்டின் இடத்துக்கு மக்கள் கேட்டது ஓர் இளவரசனை. ஒறேஞ்ச் குடும்பத்து வில்லியம். வயது இருபத்தொன்று. தகப்பன் இறந்து எட்டு நாட்களின் பின் பிறந்த பிள்ளை. அவர் குடும்பத்தின் பரம்பரைப் பதவியை ஒல்லாந்து மாகாணம் 1667-இல் சட்டம் போட்டே ஒழித்திருந்தது. 1672 யூலையில் அவசர அவசரமாக அதே பதவியை அவரிடம் கொடுத்தார்கள். எதிரிப் பக்கத்து இங்கிலாந்து மன்னர் சார்ள்ஸ் யார் என்று நினைக்கிறீர்கள்? வில்லியத்தின் சொந்தத் தாய்மாமன். தாயின் கூடப்பிறந்த அண்ணன்.

மாமன் மருமகனிடம் தூது அனுப்பினார். பக்கிங்ஹாம் பிரபுவும் ஆர்லிங்டன் பிரபுவும் யூலைத் தொடக்கத்தில் நியூவெர்பிறுக் என்ற சிறு ஊரில் இளவரசரைச் சந்தித்தார்கள். அவர்கள் கொண்டுபோன பேரம் கேட்பதற்கு இனிப்பானது. குடியரசை விட்டுத்தள்ளு, சரணடை, மிஞ்சுகிற நிலத்துக்கு உன்னையே அரசனாக்குகிறோம். இளவரசர் மறுத்தார். நாடு அழிந்துவிட்டது உனக்குத் தெரியவில்லையா என்று பக்கிங்ஹாம் திரும்பத் திரும்பக் கேட்டாராம். நாடு பெரிய ஆபத்தில் இருப்பது தெரிகிறது, ஆனால் அது அழிந்துபோவதைக் காணாமல் இருக்க நிச்சயமான வழி ஒன்று உண்டு, கடைசி வாய்க்காலில் நின்று சாவதுதான் அது என்று வில்லியம் பதில் சொன்னாராம்.

'ராம்' போட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதை எழுதி வைத்தவர் கில்பேர்ட் பேர்னெட் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார். அவர் 1672-இல் அந்த இடத்தில் இருக்கவில்லை. பிற்காலத்தில் வில்லியத்துக்கு நெருக்கமானவராகி, 1688-இல் அவரோடு கூடவே இங்கிலாந்தில் இறங்கி, ஆயராகவும் ஆனவர். அவருடைய வரலாற்று நூலின் முதற்பாகம், அவரும் இறந்த பிறகு, 1724-இல்தான் வெளிவந்தது. சம்பவத்துக்கும் அச்சுக்கும் இடையில் 52 வருடம். கணக்காய்வில் இப்படி ஒரு பற்றுச்சீட்டு வந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைப்போம். ஆனால் சொன்னவர் மன்னரோடு நெருங்கிப் பழகியவர் என்பதால் முற்றாகத் தள்ளவும் முடியாது. டேவிட் ஹியூம் போன்ற பெரிய வரலாற்றாசிரியர்கள் எடுத்துச் சொல்ல, வசனம் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

வசனம் நிலைத்தது. நாட்டைக் காப்பாற்றியது வசனமா?

இல்லை, தண்ணீர். ஒல்லாந்தர் தங்கள் மதகுகளைத் திறந்து, அணைகளை வெட்டி, தங்கள் வயல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். வடக்கே முய்டனிலிருந்து தெற்கே கொறிங்கெம் வரை நீளமான ஒரு வெள்ளப் பட்டை. ஆழம் அதிகமில்லை, முழங்கால் அளவு. அதுதான் அதில் உள்ள சூட்சுமம். முழங்கால் தண்ணீரில் படகு ஓடாது. பீரங்கி வண்டியும் ஓடாது. நடந்து போகலாம் என்றாலோ, அடியில் எது வயல், எது வாய்க்கால் என்று தெரியாது. அடுத்த அடியில் ஆள் தலைக்கு மேல் போய்விடும். தண்ணீரைக் கடந்து போகும் மேட்டுப் பாதைகளில் மட்டும் காவல் போட்டார்கள். அப்படிப் பெரிய காவல் நிலைகள் ஐந்து. அவற்றில் ஒன்று, தூதுவர்கள் வந்து போன அதே நியூவெர்பிறுக். உலகத்தின் மிகச் சிறந்த படை உட்ரெக்டில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடலில் டி றூய்டர் என்ற தளபதி, ஆங்கில - பிரெஞ்சுக் கப்பல்கள் படை இறக்க முடியாதபடி, யூன் மாதத் தொடக்கத்திலேயே சோல்பே சமரில் அவர்களை முடக்கியிருந்தார்.

நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது அல்லவா, தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று. அந்த வருடம் ஒல்லாந்தருக்குச் சாணும் முழமும்தான் உயிர். ஒரு சாண் குறைந்தால் குதிரை வந்துவிடும், ஒரு முழம் கூடினால் படகு வந்துவிடும்.

இந்தத் தண்ணீருக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற பக்கத்தைப் புத்தகங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. விளைந்து நின்ற வயலில் தண்ணீரை விடு என்றால் எந்தக் கமக்காரன் சம்மதிப்பான்? பல இடங்களில் அவர்கள் எதிர்த்தார்கள். மதகுகளுக்கே காவல் போட வேண்டி வந்தது. கடற்பக்கத்து மதகு வழியாக வந்தது உப்புத்தண்ணீர். உவர் ஏறிய மண் என்ன ஆகும் என்பதை நமது தீவுப்பகுதி ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிரெஞ்சுக்காரர் உட்ரெக்டை விட்டுப் போனது 1673 நவம்பரில்தான். அதுவரை அந்தத் தண்ணீரை வடியவிடவும் முடியாது. மாடும் சாமானுமாக மேட்டுக்கு ஏறிய அந்தக் குடும்பங்களில் எவரும் வரலாற்று வசனம் எதையும் சொன்னதாகப் பதிவில்லை.

குளிர்காலம் வந்தது. தண்ணீர் உறைந்தால் கோட்டை இல்லை, திடல்தான். டிசெம்பர் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லக்சம்பேர்க் பனிக்கட்டி மேலால் படையை நடத்தி ஹேக் நகரை நோக்கி வந்தார். நடுவழியில் பனி உருகத் தொடங்கியது. முன்னேற முடியாத ஆத்திரத்தில் போடெக்ராவென், ஸ்வாமர்டாம் என்ற இரண்டு ஊர்களைக் கொள்ளையடித்து எரித்தார்கள். ஓடித் தப்பாத சனங்களுக்கு நடந்த கொடுமைகளை ஒல்லாந்தர் படமாகச் செதுக்கி ஐரோப்பா முழுக்கப் பரப்பினார்கள். திரும்பிப் போகும் பாதையில் நியூவெர்பிறுக் காவல் நிலை இருந்தது. அது உறுதியாக நின்றிருந்தால் அந்தப் படை அங்கேயே அகப்பட்டிருக்கும். ஆனால் அதற்குப் பொறுப்பான கேணல் பேன் எ வென் நிலையை விட்டுவிட்டுப் போயிருந்தார். 1673 ஜனவரியில் அவருக்குச் சிரச்சேதம். கடைசி வாய்க்காலில் நின்று சாவேன் என்று சொன்ன இளவரசர் 1702 வரை உயிரோடு இருந்து இங்கிலாந்து மன்னராகவும் ஆனார். வாய்க்காலை விட்டு நகர்ந்த கேணல் செத்தார். நீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டி விட் சகோதரர்களைக் கொன்றவர்களை இதே இளவரசர் தண்டிக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் சிலருக்குப் பதவியும் பணமும் கிடைத்தன.

முடிவை மாற்றியது வெளியாரின் வருகை. 1673 ஆகஸ்டில் ஸ்பெயினும் ஜேர்மன் பேரரசரும் ஒல்லாந்தின் பக்கம் சேர்ந்தார்கள். அதே நவம்பரில் வில்லியம் ஜேர்மனிக்குள் போய் பொன் நகரைப் பிடித்து, பிரெஞ்சுப் படையின் விநியோகப் பாதையை அறுத்தார். இங்கிலாந்துப் பாராளுமன்றம் பணம் தர மறுத்ததால் மாமன் சார்ள்ஸ் 1674 பெப்ரவரியில் சமாதானம் செய்துகொண்டார். பிரான்சோடு 1678-இல் சமாதானம். ஆக, கடைசி வாய்க்கால் வென்றுகொடுத்த இடமல்ல. வெளியே நண்பர்கள் சேரும்வரை, ஒரு வருடத்துக்கு மேல், தாக்குப்பிடித்த இடம். இந்த வித்தியாசம் அந்தச் சொற்றொடரைச் சொல்கிறவர்கள் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

குடும்பக் கதையையும் முடித்துவிடுகிறேன். வில்லியம் 1677-இல் திருமணம் செய்தார். பெண், இன்னொரு தாய்மாமன் ஜேம்ஸின் மகள் மேரி. நமது முறைப்படி சொன்னால் மச்சாளைக் கட்டினார். பதினொரு வருடம் கழித்து, 1688-இல், மாமனாராகிவிட்ட அந்த மாமனையே சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டுத் தானும் மனைவியும் இங்கிலாந்தை ஆண்டார்கள். வசனம் ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் அந்த வழியால்தான். தோற்ற இளவரசன் ஒருவன் சொல்லியிருந்தால் யார் எழுதி வைத்திருப்பார்கள்?

பிறகு சொல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1911-இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டம் வந்தபோது, எண்பத்தேழு வயது ஹால்ஸ்பரி பிரபுவின் தலைமையில் கடைசிவரை எதிர்த்தவர்களை 'டிச்சர்' என்றார்கள், வாய்க்கால்காரர். விட்டுக்கொடுக்கலாம் என்றவர்கள் 'ஹெட்ஜர்', வேலிக்காரர். ஆகஸ்ட் 10-ஆம் திகதி 131-க்கு 114 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது. வாய்க்கால்காரர் தோற்றுப்போய் இராப்போசனத்துக்குப் போனார்கள். எவரும் எதிலும் விழுந்து சாகவில்லை. இன்று பந்தாட்டத்தில் கடைசி நிமிடத்தில் கோலைத் தடுத்தாலும் 'லாஸ்ட் டிச்', கம்பனி மூடப்படாமல் இருக்க வங்கியிடம் கடன் கேட்டாலும் 'லாஸ்ட் டிச்'. சாவேன் என்ற சபதம் உதிர்ந்துபோய், வேறு வழியில்லை என்ற தவிப்பு மட்டும் சொல்லில் மிஞ்சியிருக்கிறது.

ஒல்லாந்தர் அந்த நீர்வேலியை மறக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கிழக்கே தள்ளிப் புதிதாக ஒன்று அமைத்தார்கள். 1940 மே மாதம் ஜேர்மன் விமானங்கள் அதன் மேலால் பறந்து போயின. றொட்டர்டாம் எரிந்த மறுநாள் நாடு சரணடைந்தது. அந்த நீர்வேலி 2021-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆட்கள் அதன் ஓரத்தில் சைக்கிள் ஓடுகிறார்கள்.

இந்தக் கதையை எல்லாம் அந்தச் செய்தி வாசிக்கும் பிள்ளையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் எழுதினது சரிதானே அங்கிள்? நீங்கள்தானே வெட்டினது" என்றார். ஒத்துக்கொண்டேன். ஆனால் 'குழி' என்று வாசிக்கவும் மனம் வரவில்லை. நமது நேயர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு காலத்தில் ஒரு குழிக்குள் குந்தி இருந்தவர்கள். அந்தச் சொல் அவர்களுக்கு வேறு எதையோ கொண்டுவரும். 'கடைசி நேர முயற்சி' என்றால், பிந்திப்போய் ஓடுவது போல இருக்கிறது. 'இறுதிக்கட்டம்' கூடவே கூடாது. முக்கால் மணித்தியாலம் யோசித்து, இப்போது கலையகச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: 'வேறு வழிகள் அடைபட்ட நிலையில் செய்யப்படும் கடைசி முயற்சி'. நீளம்தான். வாசிக்க மூன்று வினாடி கூடுதலாக எடுக்கிறது. இதைவிடச் சுருக்கமாக, அந்த அம்மாவுக்கும் பிழையாக விளங்காத ஒரு சொல் நேயர்கள் யாருக்காவது தெரிந்தால், செய்தி முடிந்த பிறகு தொலைபேசி எடுங்கள். தாளில் இடம் இருக்கிறது.